வலது பக்கம் கிணறு!

"இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்றாள் அந்தப் பெண்மணி.

வலது பக்கம் கிணறு இருந்தது.

ராட்டினம், கைப்பிடிச் சுவர் எல்லாம் வைத்த டவுன் கிணறு இல்லை. பாறையை வெட்டித் தோண்டிய விவசாயக் கிணறு. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எட்டிப் பார்த்தால் ஐம்பது அடிக்குக் கீழே கொஞ்சம் பச்சைத் தண்ணீர், ஒரு மோட்டார், இரண்டு செருப்பு (ஜோடி இல்லை).

என் மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றி கையில் வைத்துக்கொண்டு, கிணற்றையும் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த என் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன் மாமா, இந்தக் குரல் அக்கா குரல் மாதிரியே இல்லே?"

இருந்தது. அதனால்தான் மறுபேச்சு பேசாமல் அது சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, அங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

இடம், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஆட்கள் மூன்று பேர். ஒன்று நான். பி.காம். படித்தவன். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கிழக்கு எது என்று கேட்டால் மறுநாள் காலை வரை டயம் கேட்பேன். இரண்டாவது, ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சினன். மலை, மணல், பள்ளம் எதிலும் போகும் என்று விளம்பரம் செய்த பைக்கை இருபத்து நாலு தவணையில் வாங்கி, ஆறு தவணை கட்டியிருக்கிறான். மூன்றாவது, பாங்க் கேஷியராக இருக்கும் என் நண்பர். எண்ணின நோட்டையே மறுபடி எண்ணுகிற ஜாதி. இவர் ஏன் எங்களோடு வந்தார் என்பது அன்று சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது. கடவுள் அனுப்பியிருக்கிறார்.

தார் ரோடு போட்டுக் கொடுங்கள் என்று ஊர் ஜனங்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிற பாதையில், நாம் பெட்ரோல் செலவு செய்து போய் விழுந்துவிட்டு வருவதற்கு 'ஆஃப் ரோடு' என்று பெயர். ஓசூர், பெங்களூர் ஆபீஸ் பையன்கள் சனி, ஞாயிறானால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். மாவட்டமும் அதற்கென்றே செய்து வைத்த மாதிரிதான் இருக்கிறது. ஒரு பக்கம் ஒகேனக்கல் காவிரி, ஒரு பக்கம் வத்தல்மலை, அரூர் தாண்டினால் சித்தேரி மலை, நடுவில் கேழ்வரகுக் காடு, மாந்தோப்பு, வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடக்கிற ஓடைகள். இங்கே சில மலை ஊர்களுக்குப் பாதை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம்: 2021 சட்டமன்றத் தேர்தலின்போது பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக் கிராமத்துக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறிப் போயின. கழுதைக்கு சார்ஜ் போட வேண்டாம், சிக்னல் வேண்டாம், வழியும் தப்பாது. ஹேண்டில்பாரில் மாட்ட முடியாது என்கிற ஒரே குறைதான்.

கிணற்றடியில் நின்றுகொண்டு கேஷியர் விளக்கம் சொன்னார். செல்போன் மேப்பில் தெரிகிற கோடெல்லாம் ரோடு கிடையாது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்த கோடு சிலது, ஏற்கெனவே ஜனங்கள் போன தடத்தை வைத்துப் போட்ட கோடு சிலது. மேலேயிருந்து பார்த்தால் வரப்பும் பாதை மாதிரிதான் இருக்கும், காய்ந்த ஓடையும் பாதை மாதிரிதான் இருக்கும். கிணறு, மரத்தின் நிழல் மாதிரி இருக்கும். டவுனில் ஒரு கோடு தப்பாக இருந்தால் அன்றைக்கே நூறு பேர் போய் முட்டிக்கொண்டு புகார் செய்து திருத்திவிடுவார்கள். இங்கே வருஷத்துக்கு ஒருத்தர்தான் வருகிறார். அவரும் திரும்பிப் போய்ப் புகார் செய்கிற நிலையில் இருக்க வேண்டுமே!

சிரிக்கிற விஷயம் இல்லை இது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டு போய் மூன்று பேர் ஆற்றில் விழுந்து செத்தார்கள். செல்போன் வழி காட்டியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் கேரளாவில், மழை ராத்திரியில், இரண்டு இளம் டாக்டர்கள் வழி தவறி ஆற்றுக்குள் காரை விட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். தார் ரோட்டில் போனவர்களுக்கே இந்தக் கதி.

ஊர்ப் பெயர் கூத்து தனி. இந்த மாவட்டத்தில் காட்டு நடுவே நாலு வீடு கட்டிக் குடியிருந்தால் அந்த இடத்துக்குக் 'கொட்டாய்' என்று பெயர். முன்னால் பாட்டன் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். இன்னார் கொட்டாய். ஆங்கிலத்தில் அதை ஆறு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதியமான்கோட்டையில் இருக்கிற கோட்டைக்கும் அதே ஆறு எழுத்துதான். செல்போன் பெண்மணி இரண்டுக்கும் பாரபட்சம் காட்டாமல் 'கொட்டை' என்று வாசிக்கிறாள். ஒரே பாட்டன் பெயரில் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளில் இரண்டு கொட்டாய் இருந்தால் தீர்ந்தது. உறவுக்காரக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, யாரென்றே தெரியாதவர்கள் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

வழி காட்டுவதில் இந்த மண்ணுக்கு நல்ல பேர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதியமான் பெருவழி என்று இங்கே ஒரு பழைய சாலை இருந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் மைல் கற்கள் தர்மபுரி மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன. நாவற்தாவளம் என்ற ஊருக்கு இத்தனை காதம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தில் ஒரு தடவை. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனுக்காகக் குழி வெட்டி இன்னொரு தடவை. பெரிய குழி என்றால் பத்து, சின்னக் குழி என்றால் ஒன்று. ராத்திரியில் விரலால் தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். பாட்டரி தீராது. வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை என்ற பேச்சு கிடையாது.

கிணற்றுக்கு வருவோம். பேசாமல் வந்த வழியே திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மச்சினன் தன் செல்போனில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். 1.8 கிலோமீட்டர்தான், தார் ரோட்டில் போய்ச் சேர்ந்துவிடும் என்று கோடு காட்டியது. கேஷியர், "அது ஓடைங்க" என்றார். "ஓடைன்னா தண்ணி இருக்கணுமே அண்ணே" என்றான் மச்சினன். ஓடையில் தண்ணீர் இல்லை. மணல் இருந்தது. மணலுக்கு அடியில் உருண்டைக் கல் இருந்தது. முன் சக்கரம் மணலில் புதைந்த இடத்திலேயே பைக் நின்றுவிட்டது. மச்சினன் நிற்கவில்லை.

பத்தடி தள்ளிக் கிடந்தான். ஓடிப் போய்த் தூக்கப் போனேன். "தொடாதீங்க மாமா" என்றான். அதுவரை அவன் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. இடது தோள் கீழே இறங்கியிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காறை எலும்பு இருக்கிற இடத்தில் சட்டைக்குள்ளே ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, முத்து முத்தாக வியர்வை. மணி இரண்டேகால். காலையில் கிளம்பும்போது என் மனைவி சொன்ன ஒரே வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது: "எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

செல்போனை எடுத்தேன். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் உறைக்குள் வெயிலில் வெந்த போன், 'சூடு அதிகம், ஆறட்டும்' என்ற அர்த்தத்தில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மச்சினனின் போன் அவனோடு பறந்து போய் ஸ்கிரீன் முழுக்கச் சிலந்தி வலை. கேஷியரின் நல்ல போனில் சிக்னல் பூஜ்யம்.

அப்போது அவர் தோள் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். பழைய போன், மூலையில் நெளிசல், சிம் கார்டே கிடையாது. அவர் பையன் விளையாடித் தூக்கிப் போட்டது. காலையில் அதை அவர் ஆன் செய்து பையில் வைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆபீஸில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சிக்னல் இல்லாவிட்டாலும், சிம்மே இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். அது செயற்கைக்கோள்களிலிருந்து வருகிற சேதியைக் காதால் கேட்பதோடு சரி, பதில் பேசுவதில்லை. டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டவர் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சட்டென்று இடத்தைப் பிடிக்கும். டவர் இல்லாவிட்டால் சில நிமிஷம் முழிக்கும், அவ்வளவுதான். டவர் போனதும் நம் போன் குருடாவதற்குக் காரணம் ஜி.பி.எஸ். இல்லை, மேப். அது இன்டர்நெட்டில் துண்டு துண்டாக வந்துகொண்டிருப்பது. சரக்கு வராவிட்டால் ஸ்கிரீனில் வெறும் சாம்பல் நிறம். அதன் நடுவே ஒரு நீலப் புள்ளி, அதுதான் நாம். அநாதையாக.

கேஷியர் முதல் நாள் ராத்திரியே வீட்டு வைஃபையில் தமிழ்நாட்டு மேப் முழுவதையும் அந்தப் பழைய போனில் இறக்கி வைத்திருந்தார். 'ஆர்கானிக் மேப்ஸ்' என்ற ஆப். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 'ஓஎஸ்எம் அண்ட்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் வசதி ஜாஸ்தி, பட்டனும் ஜாஸ்தி. கற்றுக்கொள்ள ஒரு தீபாவளி லீவு வேண்டும். இரண்டுக்கும் மேப் சரக்கு ஒரே இடத்திலிருந்துதான். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை வரைந்து சேர்க்கலாம். கூகுள் மேப்பையும் இப்படி இறக்கி வைத்துக்கொள்ளலாம். டவுனுக்கு டவுன் போக அது போதும். ஆனால் இன்டர்நெட் இல்லாதபோது கார் வழி மட்டும்தான் சொல்லும். நடை வழி சொல்லாது. புதுப்பிக்காமல் விட்டால் ரேஷன் சர்க்கரை மாதிரி கெடுவும் முடிந்துவிடும்.

பழைய போனில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, காலையிலிருந்து நாங்கள் வந்த தடம், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடாக. பதிவு பட்டனை அழுத்தி வைத்திருந்தார் மனுஷர். மற்றவர்கள் வரைந்த கோட்டை நம்பலாம், நம்பாமலிருக்கலாம். நாமே வந்த தடத்தில் கிணறு இருக்க முடியாது. இரண்டாவது, வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுத்துவிட்ட மாதிரி. உயரக் கோடுகள். நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. நேர் எதிரே கரட்டைத் தாண்டி 700 மீட்டரில் ஒரு சின்னச் சதுரம், வீடு. நேராக ஏறியிருந்தால் நானும் விழுந்திருப்பேன். கோடுகள் விலகின இடமாகப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போகச் சொன்னார். அவர் மச்சினனோடு இருக்க வேண்டும், நான் போய் ஆள் கூட்டி வர வேண்டும் என்று ஏற்பாடு. பழைய போனிலிருந்து இடத்தின் எண்களை ஒரு பாங்க் சலான் பின்னால் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

கரட்டைச் சுற்றினதும் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர். தலையில் துண்டு. விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன். "ஓடையிலயா? அதுல எதுக்குப்பா வண்டிய வுட்டீங்க?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. "சிக்னலு பாறைக்கு வா" என்று முன்னால் நடந்தார். ஊரில் எல்லோரும் ஏறி நின்று போன் பேசுகிற பாறை. இந்தியாவின் எந்த மேப்பிலும் இல்லை. அங்கே இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது, பெரியவர் போனில்.

108-க்குப் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டார். நான் சலானைப் பார்த்து, "பன்னிரண்டு டிகிரி, பன்னிரண்டு நிமிஷம்..." என்று ஆரம்பித்தேன்.

நான் செய்த தப்பு என்னவென்று அப்புறம் கேஷியர் சொன்னபோது எனக்கு வியர்த்தது. சலானில் இருந்தது 12.12 என்று தொடங்குகிற எண். புள்ளி போட்ட எண். அதை டிகிரி, நிமிஷமாக மாற்றினால் 12 டிகிரி 7 நிமிஷம் 12 விநாடி வரும். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம் இல்லையா, மணிக்கணக்கு மாதிரி? நான் சொன்ன இடத்துக்கும் மச்சினன் கிடந்த இடத்துக்கும் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் வித்தியாசம். அக்கவுன்ட்ஸில் ஒரு புள்ளி தவறினால் ஆடிட்டர் திட்டுவார். இங்கே ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போகும். எண்களைச் சொல்லும்போது 'பாயிண்ட்' என்றே சொல்லுங்கள். புள்ளிக்குப் பின்னால் ஐந்து எண் இருந்தால் ஒரு மீட்டர் கணக்கில் இடம் சரியாக வரும். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் முன்னே பின்னே ஆகும்.

நல்ல வேளை, பெரியவருக்குப் பொறுமை இல்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு, தன் பாட்டன் பெயரோடு கொட்டாய், அதற்கு முன்னால் இருக்கிற மாரியம்மன் கோயில், அதற்கும் முன்னால் இருக்கிற ரேஷன் கடை என்று வரிசையாகச் சொன்னார். "டிரைவருகிட்ட எம்பேரச் சொல்லும்மா, தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டார். தார் ரோடு முடிகிற இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அது வரைக்கும் மச்சினனைப் பெரியவரின் பேரன் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். சின்னக் குலுக்கல்களை எல்லாம் மச்சினன் வாய்விட்டுப் பதிவு செய்துகொண்டே வந்தான்.

காறை எலும்பு முறிவு. கையைக் கழுத்தில் தொட்டில் கட்டி ஆறு வாரம். பெரிதாக வேறொன்றும் இல்லை. அதே விழுகையில் அடி தலையிலோ வயிற்றிலோ பட்டிருந்தால், நான் சொன்ன 9 கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு என்ன விலை என்று அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட முடியவில்லை.

அதற்கப்புறம்தான் வழிகாட்டிக் கருவிகள் பற்றி ஒழுங்காக விசாரித்தேன். வாங்க நினைக்கிற ஆபீஸ் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள், கார்மின் மாதிரி, நல்ல சாமான்கள்தான். வெயில் அடிக்க அடிக்க ஸ்கிரீன் பளிச்சென்று தெரியும். நம் போனுக்கு நேர் எதிர். கிளவுஸ் போட்ட கையால் பட்டனை அமுக்கலாம். ஈட்ரெக்ஸ் வகையில் பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பாட்டரியே போதும்; இரண்டு போட்டால் ஒரு முழு நாள் ஓடுகிறது. தண்ணீரில் விழுந்தாலும் சாகாது. ஆனால் ஸ்கிரீன் தபால் தலை சைஸ், விலை பல பேருக்கு ஒரு மாசச் சம்பளம். உள்ளே வருகிற மேப்பில் நம் ஊர்க் கொட்டாய்கள் இருக்காது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து தயாரித்ததை இலவசமாக இறக்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். மாசத்தில் மூன்று வாரம் காட்டில் சுற்றுகிறவருக்கு வாங்கலாம். வருஷத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு? அந்தக் காசில் நல்ல ஹெல்மெட், தோளுக்கும் முட்டிக்கும் காப்பு வாங்குங்கள் என்பேன். மச்சினனிடம் வழிகாட்டி மூன்று இருந்தது, தோள் காப்பு ஒன்று கூட இல்லை.

சில கருவிகளில் செயற்கைக்கோள் வழியாகச் சேதியும் அனுப்பலாம், பட்டனை அமுக்கினால் உதவி வரும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவார்கள். ஆசைப்பட்டு அமெரிக்க மாமாவிடம் சொல்லி வாங்கி வரச் சொல்லாதீர்கள். நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியை இதற்காகவே பிடித்து வைத்தார்கள். பாவம், ஓட்டப் பயிற்சிக்காரர். காட்டில் வழி தவறாமல் இருக்க வாங்கியவர், கோர்ட்டுக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

நல்ல போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். பைக் இன்ஜினின் அதிர்வு ஐபோன் காமிராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. மாட்டத்தான் வேண்டும் என்றால் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் வைத்த பிடி, கூடவே ஒரு கயிறு. அதை விட கேஷியர் வழி மேல்: வீட்டு அலமாரியில் தூங்குகிற பழைய போனை ஹேண்டில்பாருக்கு, புதுப் போனை அணைத்து உள் பைக்குள். வண்டி பாட்டரியிலிருந்து சார்ஜ் எடுக்க ஒரு சாக்கெட். பழைய போனுக்கு பாட்டரி எப்போதும் ஆஸ்துமாக்காரர் மாதிரிதான்.

போனில் 'நாவிக்' இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் இஸ்ரோவின் சொந்த ஏற்பாடு; முதல் செயற்கைக்கோள் 2013-ல் போனது. இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையும் கேட்கிற போனா என்று பாருங்கள். மலைச் சரிவில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து போனை ஏமாற்றும். இரண்டு அலைவரிசை கேட்கிற போன் கொஞ்சம் குறைவாக ஏமாறும். ரொம்பவும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். 2000 மே மாசம் வரை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஜி.பி.எஸ்.ஸில் கலப்படம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும்.

காகிதம் பிடிக்கும் என்றால் சர்வே ஆஃப் இந்தியாவின் மேப்புகளை இணையத்தில் இறக்கலாம். 1:50,000 அளவு, 20 மீட்டருக்கு ஒரு உயரக் கோடு. ரோடெல்லாம் பழசாக இருக்கும். ஆனால் மலையும் ஓடையும் இடம் மாறுவதில்லையே. நான் இதை முன்னாடியே பார்த்திருந்தால் 1.8 கிலோமீட்டர் குறுக்கு வழி ஓடை என்று தெரிந்திருக்கும்.

எந்த ஆப்பும் சத்தம் போட்டுச் சொல்லாத சமாசாரங்கள் சில உண்டு. காப்புக் காடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது முதலாவது. மேப்பில் பாதை தெரிகிறது என்பதால் வண்டியை விடலாம் என்று அர்த்தமில்லை. அனுமதியில்லாமல் காப்புக் காட்டில் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 1882-ல் போட்ட சட்டம், இன்னும் பல்லோடுதான் இருக்கிறது. போதாததற்கு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். யானை நடமாடுகிற இடம். வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு, ஊர்ப் பாதையோடு நிறுத்திக்கொள்வது வண்டிக்கும் நல்லது, யானைக்கும் நல்லது.

இரண்டாவது, வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் திருட்டுத்தனமாக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் மாட்டிச் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. யானையைக் கொன்ற கம்பி நம்மைச் சும்மா விடுமா? இருட்டின பிறகு குறுக்கு வழியில் காட்டுக்குள் இறங்கினால் இந்த ஆபத்தை எந்த ஸ்கிரீனும் காட்டாது.

மச்சினனுக்குக் கை கட்டவிழ்த்த மறுவாரம் பெரியவரைப் பார்க்கப் போனோம், காரில், தார் ரோட்டிலேயே. பழம், வேட்டி துண்டு, என் மனைவி கொடுத்தனுப்பிய அதிரசம். கேஷியர் அவருக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் அந்த ஓடையை ஓடை என்றே குறித்து, கொட்டாயின் பெயரைத் தமிழில் எழுதி, கிணற்றுக்கு ஒரு புள்ளியும் போட்டிருந்தார். போனைப் பெரியவர் கையில் கொடுத்து, "உங்க கிணறு இப்ப உலகம் பூரா தெரியும்ங்க" என்றார்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தார்.

"மோட்டாரு ரெண்டு மாசமா ஓடலேன்னு இதுல போட முடியுமா?"